ஏழு ஆண்டு தண்டனை, திரும்பி வரக் கப்பல் இல்லை: பிரிட்டிஷ் சிறுவர்களின் தீவாந்தரம்

1783 டிசம்பரில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஜான் ஹட்சன் என்ற பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வயது ஒன்பது. தாய் தகப்பன் இல்லை. எப்போது இறந்தார்கள் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. என்ன தொழில் என்றதற்கு, சில சமயம் புகைபோக்கி சுத்தம் செய்யப் போவேன் என்றான். ஒரு வீட்டுக்குள் புகுந்து சட்டை, பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் ஆகியவற்றைத் திருடினான் என்பது வழக்கு. அவனைக் காட்டிக்கொடுத்தது அவன் கால்தான். வீட்டு மேசைமேல் கரி படிந்த சின்னக் கால்விரல் தடங்கள் இருந்தன. ராத்திரியில் வீடு உடைத்த குற்றத்துக்கு ஆதாரம் போதவில்லை. திருட்டுக்குப் போதுமானதாக இருந்தது. ஏழு ஆண்டு கடல் கடந்து அனுப்பச் சொல்லித் தீர்ப்பானது.

இந்த ‘ஏழு ஆண்டு’ என்பதற்கு என்ன பொருள் என்று புரிந்துவிட்டால், பிரிட்டனின் நாடு கடத்தல் முறை பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நம் பழைய கோர்ட்டுத் தமிழில் இதற்குத் தீவாந்தர சிட்சை என்று பெயர். பிரிட்டன் 1718-லிருந்து ஒழுங்காகச் சட்டம் போட்டு நடத்திய தண்டனை இது. முதலில் கைதிகள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். சுமார் 50,000 பேர். 1775-ல் அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. பிறகு ஆஸ்திரேலியா. 1788 முதல் 1868 வரையான எண்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 1,62,000 பேர் அங்கே இறக்கப்பட்டார்கள்.

தண்டனை பெரும்பாலும் மூன்று அளவில் வரும்: 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள். பத்தாண்டு, பதினைந்தாண்டு எல்லாம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. கணக்கு தீர்ப்பு நாளிலிருந்து ஓடத் தொடங்கும், கப்பல் புறப்படும் நாளிலிருந்து அல்ல. ஹட்சனையே பாருங்கள். 1784-ல் அவனை அமெரிக்காவுக்கென்று ஏற்றிய கப்பலில் கைதிகள் கலகம் செய்து தப்பினார்கள். பிடிபட்டுத் திரும்பியவன், பிளிமத் துறையில் ஒரு சிறைக்கப்பலில் மூன்று ஆண்டு கிடந்தான். 1787 மே மாதம் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பிய பதினோரு கப்பல்களில் ஒன்றில் ஏற்றப்பட்டு, 1788 ஜனவரியில் சிட்னியில் இறங்கியபோது அவனுக்கு வயது பதின்மூன்று. ஏழில் நான்கு ஆண்டு கழிந்துவிட்டது, அதுவரை தண்டனை நடக்கவேண்டிய இடத்தைப் பார்க்கவேயில்லை.

இன்னொரு பக்கம், கெடு முடிந்தால் திருப்பி அனுப்பும் பொறுப்பு அரசுக்கு இல்லை. போகும் கப்பலுக்குத்தான் அரசு பணம் கட்டும். ஆண் என்றால் கப்பலில் மாலுமி வேலை பார்த்துக்கொண்டே ஊர் திரும்பலாம்; பெண்ணுக்கு அந்த வழியும் கிடையாது. கெடுவுக்கு முன்னால் திரும்பி வந்து பிடிபட்டால் 1834 வரை மரண தண்டனைக் குற்றம். ஆக, காகிதத்தில் ஏழு ஆண்டு என்றிருந்தாலும் சிறுவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது ஆயுளுக்கும் ஊரை விட்டு விலக்கியதுதான்.

சிறுவனுக்குத் தனிச் சட்டம் இருந்ததா?

ஏறக்குறைய இல்லை. ஏழு வயதுக்குக் கீழே என்றால் குற்றமே செய்ய முடியாது என்று சட்டம் கருதியது. ஏழிலிருந்து பதினான்கு வரை, நல்லது கெட்டது தெரியாது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தெரிந்தே செய்தான் என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால் போதும். ஒளிந்து ஓடினான், பொய் சொன்னான், திருடியதை விற்கப் பார்த்தான் என்பதெல்லாம் ‘தெரிந்தே செய்தான்’ என்பதற்கு ஆதாரமாகிவிடும். எந்தக் குழந்தை மாட்டிக்கொண்டால் ஓடாது? பதினான்கு முடிந்தால் பெரியவன். தனி நீதிமன்றம் கிடையாது. பெரியவர்களை விசாரிக்கும் அதே ஜூரிதான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலும் தூக்கு, வீட்டுக்குள் 40 ஷில்லிங்குக்குத் திருடினாலும் தூக்கு. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் கடைக்காரர்களும் கைத்தொழில்காரர்களும்தான். அவர்களுக்கும் மனசு கேட்காது. அதனால் ஒரு தந்திரம் செய்வார்கள். பொருளின் மதிப்பை 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்றோ 39 ஷில்லிங் என்றோ குறைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கழுத்து தப்பும், கப்பல் தப்பாது. பழைய வழக்குப் பதிவுகளில் 39 ஷில்லிங் என்ற தொகை திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்குக் காரணம் இதுதான். துணியின் சந்தை விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேரி வேட் என்ற சிறுமிக்கு அந்தத் தந்திரமும் உதவவில்லை. 1789 ஜனவரியில், தன்னைவிட இளைய எட்டு வயதுப் பெண்ணின் பருத்தி உடையையும் தொப்பியையும் கழற்றிக்கொண்டு போனதற்காகத் தூக்கு விதித்தார்கள். மேரியின் வயது பத்து, பதினொன்று, பதின்மூன்று என்று பதிவுக்குப் பதிவு மாறும். அந்த மார்ச்சில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் உடல் தேறியதைக் கொண்டாட, பெண் கைதிகள் பலருடைய தூக்கை நாடு கடத்தலாக மாற்றினார்கள். 1790 ஜூனில் சிட்னி போய்ச் சேர்ந்தாள். இருபத்தொரு பிள்ளைகள் பெற்று, 1859-ல் அங்கேயே இறந்தாள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட் அவள் வம்சாவளி.

தீர்ப்புக்கும் கப்பலுக்கும் நடுவே

தீர்ப்பானதும் கப்பல் ஏறிவிடுவார்கள் என்று நினைப்பது வழக்கமான தவறு. வ.உ.சி.க்கு 1908-ல் தீவாந்தர சிட்சை விதித்தார்கள். ஆனால் அவர் அந்தமான் போகவில்லை, கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில்தான் செக்கிழுத்தும் கல்லுடைத்தும் காலம் கழித்தார். பிரிட்டனிலும் அதே கதைதான். கடல் கடத்தத் தீர்ப்பான பலர் கடைசிவரை கடலைத் தாண்டவேயில்லை. சிறைக்கப்பலிலேயே கெடு முடிந்துவிடும்.

‘ஹல்க்’ என்று அவர்கள் சொன்ன சிறைக்கப்பல் வேறொன்றுமில்லை, ஓய்வு பெற்ற போர்க்கப்பல். பாய்மரத்தையும் பீரங்கியையும் கழற்றிவிட்டு, ஆற்று முகத்திலோ துறைமுகத்திலோ நங்கூரமிட்டு, உள்ளே கைதிகளை அடைப்பார்கள். 1776-ல் தற்காலிக ஏற்பாடு என்று சட்டம் போட்டது, எண்பது ஆண்டு ஓடியது. சிறுவர்களையும் முதலில் பெரியவர்களோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். 1820களில்தான் தனிக்கப்பல் ஒதுக்கினார்கள்: முதலில் பெல்லரஃபன், 1825 முதல் யூரியாலஸ். முதலாவது, 1815-ல் நெப்போலியன் சரணடைந்த கப்பல். இரண்டாவது, டிராஃபல்கர் சண்டையில் நெல்சனின் படையோடு நின்ற கப்பல். அதே யூரியாலஸின் அடித்தளத்தில் ஒன்பது, பத்து வயதுப் பையன்கள் கைதிகளுக்கு உடுப்புத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யூரியாலஸின் கோளாறு அதன் அமைப்பிலேயே இருந்தது. பெரிய கைதிகளைப் பகலில் கரைக்குக் கொண்டுபோய்த் துறைமுக வேலை வாங்குவார்கள். பையன்களுக்கு அந்தக் கடுமையான வேலை ஆகாது என்று கப்பலிலேயே அடைத்து வைத்தார்கள். இரக்கம் என்று நினைத்துச் செய்தது. விளைவு, வெயிலும் காற்றும் கிடையாது. இரவானால் தளத்தின் கதவைப் பூட்டிவிட்டுக் காவலர்கள் போய்விடுவார்கள். உள்ளே வலுத்தவன் வைத்ததுதான் சட்டம். இளைத்தவனின் ரொட்டியைப் பறிப்பதும், பெரியவர்களிடம் சொன்னால் அடிப்பதும் அன்றாடம். அடிக்குப் பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போகத் தங்களையே காயப்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. 1843-ல்தான் அதை மூடினார்கள்.

கப்பலில் ஓர் ஆளுக்குப் பதினெட்டு அங்குலம்

கைதிக் கப்பல் அரசின் கப்பல் அல்ல. தனியாரிடம் ஒப்பந்தத்துக்கு எடுத்தது. ஆரம்பத்தில் ஏற்றும் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். இறக்கும்போது தலை குறைந்திருந்தால் முதலாளிக்கு நஷ்டமில்லை, சாப்பாட்டுச் செலவு மிச்சம். 1790-ல் போய்ச் சேர்ந்த இரண்டாம் கப்பல் தொகுதியில் ஆயிரம் பேரை ஏற்றியதில் கால்வாசி பேர் வழியிலேயே செத்தார்கள். பிற்பாடு, உயிரோடு இறக்கினால்தான் முழுப் பணம் என்று ஒப்பந்தத்தை மாற்றினார்கள். 1815 வாக்கிலிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் கடற்படை மருத்துவர் ஒருவரைப் பொறுப்பாளராகவும் போட்டார்கள். கைதிகள் விஷயத்தில் கப்பல் தலைவனைவிட அவர் சொல்லுக்கே மதிப்பு. அதன்பிறகு வழிச்சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. யாரும் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. பணம் கொடுக்கும் இடத்தையும் அதிகாரத்தையும் மாற்றியதில் வந்த பலன்.

தளத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் இரண்டடுக்காகப் பலகைப் படுக்கைகள். ஆறடிக்கு ஆறடிச் சதுரம், அதில் நான்கு பேர். ஆளுக்குப் பதினெட்டு அங்குல அகலம். ஆறு பேர் ஒரு ‘மெஸ்’. உப்புக் கறி, பட்டாணி, பிஸ்கட் என்று ஆறு பேருக்குமான படியை ஒருவன் போய் வாங்கிவருவான். ஸ்கர்வி என்னும் சொறிகரப்பான் வராமலிருக்க எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள். சாறு வாங்கிக்கொண்டு ஓரமாய்க் கொட்டிவிடுவதும், விற்றுவிடுவதும் நடக்கும் என்பதால், கண்முன்னே குடிக்கவைக்க வேண்டும். படுக்கைகளைத் தினமும் மேல்தளத்துக்குக் கொண்டுவந்து காயவைப்பது, கீழ்த்தளத்தைக் கழுவாமல் உலர்வாகச் சுரண்டித் துடைப்பது என்று மருத்துவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். கழுவினால் சுத்தமாகத் தெரியும். ஈரம் காயாமல் காய்ச்சலும் சீதபேதியும் வந்துவிடும்.

முதல் தொகுதிக்கு எட்டு மாதப் பயணம். 1830களில் அது நான்கு மாதமாகக் குறைந்தது. 1830களின் பிற்பகுதியில் சிறுவர்களுக்கென்றே சில கப்பல்களை அனுப்பினார்கள். படித்த கைதி ஒருவனை வாத்தியாராக்கி, தளத்தில் எழுத்துப் பாடம் நடத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் ஏறி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துகொண்டு இறங்கியவர்கள் உண்டு.

இறங்கியதும் யார் கூட்டிக்கொண்டு போவது?

துறையில் இறங்கியதும் குமாஸ்தாக்கள் ஒவ்வொருவனையும் நிறுத்தி உயரம், முகவாகு, கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்தியது, தெரிந்த தொழில் என்று எல்லாம் எழுதிக்கொள்வார்கள். புகைப்படம் இல்லாத காலம், ஓடிப்போனால் பிடிக்க இந்தக் குறிப்புதான் துணை. அதன்பிறகு, ஆஸ்திரேலியா வந்த கைதிகளில் பெரும்பாலோர் கம்பிக்குப் பின்னால் போகவில்லை. பண்ணைக்காரர்களும் வணிகர்களும் விண்ணப்பம் போட்டுக் கைதிகளை வேலையாளாக வாங்கிக்கொண்டார்கள். சாப்பாடும் துணியும் உண்டு, கூலி இல்லை. ஒழுங்காக இருந்தால் 7 ஆண்டுக் கைதிக்கு 4 ஆண்டில் ‘டிக்கெட்’ கிடைக்கும். டிக்கெட் என்றால் குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் தன் இஷ்டப்படி கூலிக்குப் போகலாம் என்ற அனுமதிச் சீட்டு. 14 ஆண்டென்றால் 6, ஆயுள் என்றால் 8 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

சிறுவர் விஷயத்தில் இடித்தது இந்த இடம்தான். மரம் வெட்டவும் ஏர் ஓட்டவும் ஆள் தேடும் பண்ணைக்காரன், லண்டன் சந்துகளில் ஜேப்படித்துத் திரிந்த பன்னிரண்டு வயதுப் பையனை எதற்குக் கேட்பான்? உழைப்பு குறைவு, கண்காணிப்பு கூடுதல். சிட்னியில் 1819-ஐ ஒட்டியே இவர்களைக் கார்ட்டர்ஸ் பாரக்ஸ் என்ற கொட்டகையில் தனியாக வைத்துத் தொழில் பழக்கிப் பார்த்தார்கள். வான் டீமன்ஸ் லேண்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட டாஸ்மேனியாவில், வேலைக்கு எடுக்க ஆளில்லாத சிறுவர்கள் ஹோபார்ட் கைதிக் கொட்டகையில் பெரியவர்களோடு சேர்ந்து குவிந்துகொண்டே போனார்கள். ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர் அவர்களைத் தனியே பிரிக்க முடிவுசெய்தார். அப்படிப் பிறந்ததுதான் பாயிண்ட் பூயர்.

பாயிண்ட் பூயர்

‘பூயர்’ என்றால் லத்தீனில் பையன். டாஸ்மன் தீபகற்பத்தில், போர்ட் ஆர்தர் கைதிக் குடியிருப்புக்கு எதிரே, விரிகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே சிறுவர்களுக்கென்று தனியாகக் கட்டிய முதல் சிறை இதுதான் என்பார்கள். 1834 ஜனவரியில் அறுபது பேர் அளவில் தொடங்கி, 1842 வாக்கில் எண்ணூறை ஒட்டி வந்தது. 1849-ல் மூடும் வரை ஏறக்குறைய 3,000 பையன்கள் அங்கே இருந்து போனார்கள். ஒன்பது வயதுப் பையனும் இருந்திருக்கிறான். ஆனால் பெரும்பாலோர் பதினான்கிலிருந்து பதினேழு. ‘குழந்தைச் சிறை’ என்ற சொல் மனத்தில் எழுப்பும் படத்தை இந்த வயதுக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இடத் தேர்வில் தப்பிக்க முடியாமைதான் முதல் தகுதி. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே தென்கடல். நிலவழியில் பெரியவர்களின் பக்கம் போகாதபடி காவல் எல்லை. அதையும் தாண்டி ஓடினாலும், தீபகற்பத்திலிருந்து வெளியேற ஈகிள்ஹாக் நெக் என்ற ஒரே கழுத்து. அகலம் நூறு மீட்டர்கூடத் தேறாது. அங்கே கரைக்குக் கரை வரிசையாகச் சங்கிலி போட்டு நாய்களைக் கட்டிவைத்திருந்தார்கள். காவலுக்கு இத்தனை யோசித்தவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. முனையில் நல்ல ஊற்று இல்லை, மண்ணும் சத்தில்லாதது. தோட்டம் போட்டால் விளையாது, தண்ணீர் வெளியிலிருந்து வரவேண்டும். பதினைந்து ஆண்டும் இந்தக் குறை தீரவில்லை.

காலை ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். படுக்கையைச் சுருட்ட வேண்டும், ஜெபம், சாப்பாடு, வரிசையில் நின்று உடுப்புச் சோதனை. எட்டு மணி வாக்கில் வேலை, நடுவில் மத்தியானச் சாப்பாடு, மறுபடி மாலை ஐந்து வரை வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பள்ளிக்கூடம். திரும்பவும் ஜெபம், படுக்கை.

புதிதாக வந்தவனை உடனே தொழிலில் விடமாட்டார்கள். மண்வெட்டியைக் கொடுத்துத் தோட்டம் கொத்த, விறகு சுமக்க அனுப்புவார்கள். நடத்தை சரியாக இருந்தால் தச்சு, படகு கட்டுதல், செருப்புத் தைத்தல், தையல், பீப்பாய் கட்டுதல், ஆணி செய்தல், கல் செதுக்குதல், புத்தகம் பைண்டு செய்தல் என்று ஒரு பட்டறைக்கு மாற்றுவார்கள். இதில் கல்தச்சுக்கும் படகுக்கும் நல்ல பேர். போர்ட் ஆர்தரில் 1836-37-ல் எழுந்த தேவாலயத்துக்குக் கல் செதுக்கிக் கொடுத்தது இந்தப் பையன்கள்தான். 1884-ல் தீப்பிடித்துக் கூரை போய்விட்டது, சுவர் இன்றும் நிற்கிறது. போகிறவர்கள் ஜன்னல் வளைவுகளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பதினைந்து வயதுக் கை செய்த வேலை என்று சொன்னால்தான் தெரியும்.

அப்படியென்றால் இது பள்ளிக்கூடமா, சிறையா? போர்ட் ஆர்தர் தளபதி சார்லஸ் ஓ’ஹாரா பூத்துக்கே அதில் தெளிவிருந்ததாகத் தெரியவில்லை. சிறுவர்களைத் திருத்த முடியும் என்று உண்மையிலேயே நம்பியவர் அவர். பட்டறைகளைப் பார்த்தால் தொழிற்பள்ளி மாதிரிதான் இருக்கும். தண்டனைப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு முகம். பேசினான், புகையிலை வைத்திருந்தான், வேலையை வீணாக்கினான், கங்காணியை எதிர்த்துப் பேசினான் என்பவைதான் பெரும்பாலான குற்றங்கள். தண்டனையோ, விளையாட விடாமல் நிறுத்துவதில் தொடங்கி, ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துத் தனியறையில் பூட்டுவது, பிருஷ்டத்தில் பிரம்படி என்று ஏறும். ஒரே பையனின் பெயருக்கு நேரே இப்படிப்பட்ட வரிகள் பக்கம் நிறைய இருக்கும். அடித்து அடித்துத் திருந்தவில்லை என்பதைத்தான் அந்தப் பக்கமே காட்டுகிறது.

முறை எங்கே கெட்டது? 1843-ல் பெஞ்சமின் ஹார்ன் என்பவர் வந்து விசாரித்து எழுதிய அறிக்கை குறைகளை நேராகவே சொல்லியது. முதல் குறை கங்காணிகள். சிறுவர்களை மேய்க்கப் போட்டவர்களில் பலர் தாங்களே கைதிகள். பெரிய கைதிகளின் சகவாசம் ஆகாது என்றுதானே முனையில் கொண்டுபோய்ப் பிரித்து வைத்தார்கள்? பிரித்துவிட்டு, அதே பெரிய கைதிகளின் கையில் பிரம்பையும் புகார் எழுதும் அதிகாரத்தையும் கொடுத்தார்கள். சம்பளம் கொடுத்துச் சுதந்திர ஆட்களை வைக்கப் பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பையன்கள் கங்காணிகளை வெறுத்தார்கள். காட்டிக்கொடுக்கும் சகபையனை அதைவிட வெறுத்தார்கள். அந்த 1843-லேயே ஒரு கங்காணியைக் கொன்றதற்காகப் பாயிண்ட் பூயர் பையன்கள் இருவரை ஹோபார்ட்டில் தூக்கிலிட்டார்கள்.

நாள் முழுக்க உழைத்தவனுக்கு இரவில் ஒரு மணி நேரப் பாடம், அதற்கும் போதிய வாத்தியார் இல்லை. இதற்கெல்லாம் மேலே, 1840களில் தீவில் பொருளாதாரம் படுத்துவிட்டது. செருப்புத் தைக்கத் தெரிந்து வெளியே வந்தவனுக்குத் தைக்கச் செருப்பில்லை.

பார்க்ஹர்ஸ்ட்: சிறையிலிருந்து ‘அப்ரண்டிஸ்’

யூரியாலஸின் நாற்றம் பாராளுமன்றம் வரை போனபிறகு, 1838 கடைசியில் வைட் தீவில் பார்க்ஹர்ஸ்ட் என்ற சிறுவர் சிறையைத் திறந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு அங்கே வைத்துத் தொழில் பழக்கி, பிறகு குடியேற்றங்களுக்கு அனுப்புவது திட்டம். ஆரம்பத்தில் காலில் இரும்பு வளையம், எந்நேரமும் பேசக்கூடாது என்ற கட்டளை எல்லாம் இருந்தன.

இங்கே ஒரு நுணுக்கம். பார்க்ஹர்ஸ்டிலிருந்து போன எல்லோரும் கைதியாகப் போகவில்லை. நன்னடத்தைக்காரர்கள் நிபந்தனை மன்னிப்பு பெற்று, ‘அப்ரண்டிஸ்’ என்ற பெயரில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். நடுத்தரம் டிக்கெட்டோடு வான் டீமன்ஸ் லேண்ட். தேறாதவன் என்று முத்திரை விழுந்தால் பாயிண்ட் பூயர். மேற்கு ஆஸ்திரேலியா அப்போது, கைதிகளே வேண்டாம் என்றிருந்த சுதந்திரக் குடியேற்றம். 1842-49-ல் அங்கே 234 பேர் இறங்கினார்கள். நியூசிலாந்துக்கு 1842-43-ல் இரண்டு கப்பல்களில் 123 பேர். ஆக்லாந்து மக்கள் கூச்சல் போட்டதும் அது நின்றுபோனது. பெயரை மாற்றினாலும் எஜமானனை விட்டு விலக உரிமையில்லை, ஊர் திரும்ப வழியில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகத் தூக்கிலிடப்பட்ட ஐரோப்பியன் இப்படி வந்த ஒரு பையன். ஜான் கேவின், பதினைந்து வயது. வேலைக்கு இருந்த பண்ணை வீட்டு மகனைக் கொன்றதற்காக 1844 ஏப்ரலில் ஃப்ரீமான்டில் ரவுண்ட் ஹவுஸ் சிறை முன்னால் தூக்கிலிட்டார்கள். உடல் எடை போதாதென்று காலில் பாரம் கட்டினார்கள்.

சிறுமிகள்

பெண்களுக்குப் பாயிண்ட் பூயர் மாதிரி எதுவும் கட்டவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணும் நாற்பது வயதுப் பெண்ணும் ஒரே கப்பல், ஒரே கொட்டகை. வீட்டு வேலைக்கு அனுப்புவார்கள். வேலையில் தகராறானாலோ கர்ப்பமானாலோ பாராமட்டா, ஹோபார்ட் காஸ்கேட்ஸ் போன்ற ‘பெண்கள் தொழிற்சாலை’க்குத் திருப்பி அனுப்புவார்கள். பேர்தான் தொழிற்சாலை; சலவை, நூற்பு, சிறை எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்த இடம்.

முறை ஒரே நாளில் முடியவில்லை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புவது 1840-ல் நின்றது, வான் டீமன்ஸ் லேண்டுக்கு 1853-ல். 1847 சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் சில்லறைத் திருட்டை ஜூரி இல்லாமல் உள்ளூர் மாஜிஸ்திரேட்டே முடித்துவிட வழி செய்தது. 1854-ல் சீர்திருத்தப் பள்ளிகள் வந்தன. கடைசிக் கைதிக் கப்பல் 1868 ஜனவரியில் ஃப்ரீமான்டில் சேர்ந்தது.

பதிவுகளைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு

ஓல்டு பெய்லி வழக்குகள் 1674-லிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் நடத்தைப் பதிவேடுகளையும் அப்படியே பார்க்கலாம். முதலில் பெயரைவிடக் கப்பலைப் பிடியுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். பெயரும் கப்பலும் வந்த ஆண்டும் சேர்ந்தால்தான் ஆள் ஒருவன். வயதை நம்ப வேண்டாம். இரக்கம் வரட்டும் என்று குறைத்துச் சொன்னவனும் உண்டு, பெரியவர்களோடு இருக்கலாம் என்று கூட்டிச் சொன்னவனும் உண்டு, தன் வயது தெரியாதவனும் உண்டு. உயரம் பொய் சொல்லாது. ‘முதல் குற்றம்’ என்றிருந்தால் முதன்முதலாக மாட்டியது என்று படியுங்கள்.

அடுத்து, தீர்ப்புத் தேதியோடு 7-ஐயோ 14-ஐயோ கூட்டிப் பக்க ஓரத்தில் எழுதிக்கொண்டு, பதிவில் வரும் ஒவ்வொரு தேதியையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜான் ஹட்சனுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 1790 டிசம்பர் வருகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் அவனைச் சிட்னியிலிருந்து நார்ஃபோக் தீவுக்கு மாற்றியிருந்தார்கள். அவன் பெயருக்கு அடுத்து வரும் குறிப்பின் தேதி 1791 பிப்ரவரி: இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே நின்றதற்கு ஐம்பது கசையடி.